மைனஸ் ஓட்டுக்குக் காரணம் கேட்கலாமா?

தமிழ்நாட்டில் நோட்டா பொத்தானை முதன்முதலில் அழுத்திப் பார்த்தவர்கள் ஏற்காடு தொகுதிக்காரர்கள். 2013 டிசம்பர் 4-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தல் அது. யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்லும் அந்தப் பொத்தானை வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செப்டம்பர் 27-இல்தான் வந்திருந்தது. இரண்டே மாதத்தில், மேலே காபித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த வாக்குச்சாவடிகளிலும், கீழே வாழப்பாடிப் பக்கத்து வாக்குச்சாவடிகளிலும் இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக அது வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அழுத்தினார்கள். எதற்காக? மலைக்கிராமத்துக்கு ரோடு வரவில்லை என்றா, நின்றவர்களில் யாரையும் பிடிக்கவில்லை என்றா, புதுப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்கவா? கேட்க வழி கிடையாது. சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

இணையத்தில் டவுன்வோட், டிஸ்லைக், ஒற்றை நட்சத்திரம் என்று பல பெயரில் நடப்பதும் ஏறக்குறைய இதே காரியம்தான். வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் கோலோச்சிய நாட்களில் நம்மவர்கள் இதற்கு மைனஸ் ஓட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் சொல்லாமல் வந்து குத்திவிட்டுப் போகிறவர் அனானி. அந்தக் காலத்திலிருந்தே ஒரு கோரிக்கை சலிக்காமல் எழுந்துகொண்டிருக்கிறது: மைனஸ் போடுகிறவர் ஏன் போட்டேன் என்று ஒரு வரியாவது எழுதித்தான் ஆக வேண்டும், எழுதாவிட்டால் ஓட்டு செல்லாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் வலி நிஜமானது என்பதால், அதிலிருந்தே தொடங்கலாம்.

ஏற்காட்டில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை இருபது பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், சராசரி 4.8. சனி, ஞாயிறு கூட்டம் இறங்கிப் போன பிறகு திங்கட்கிழமை காலை போனைத் திறந்தால் புதிதாக ஒரு ஒற்றை நட்சத்திரம். ஒரு சொல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது பேரின் கூட்டுத்தொகை 96, அதோடு ஒன்று சேர்த்து 21-ஆல் வகுத்தால் 4.62. திரையில் 4.6 என்று காட்டும். இதே ஒற்றை நட்சத்திரம் ஆயிரம் பேர் மதிப்பிட்ட 4.8 ரிசார்ட்டின் மீது விழுந்தால் 4.796 ஆகும், திரையில் 4.8 அப்படியே நிற்கும். பெரிய இடத்துக்குக் கொசுக்கடி, சின்ன இடத்துக்கு ஒரு சீசன் வியாபாரம். மே மாதக் கோடை விழா நேரத்தில் 4.6-க்கும் 4.8-க்கும் நடுவே எத்தனை அறை காலியாகக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய மண்டையைக் குடைவது எண்ணைவிட, காரணம் தெரியாததுதான். கீசர் வேலை செய்யவில்லையா? அட்டை கடித்துவிட்டதா? பில்லில் தகராறா? பக்கத்துவீட்டுப் போட்டிக்காரர் வேலையா? "என்ன குறைன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கறோமுங்க" என்று கீழே பதில் எழுதி வைக்கிறார். பதில் வருவதில்லை. இதற்கு நேர் எதிராகக் காரணம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பகோடா பாயின்ட்டுக்குப் போனோம், ஒரே பனி, ஒன்றும் தெரியவில்லை, ஒரு நட்சத்திரம்! மலைக்குப் போய் மேகத்தைக் குறை சொல்கிறவருக்கு என்ன பதில் எழுதுவது? காரணம் எழுதினால் மட்டும் மதிப்பெண் நியாயமாகிவிடாது என்பதற்கு இவர்களே சாட்சி.

காரணமில்லாத மைனஸ் ஆளை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் டனெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், யூரே லெஸ்கொவெச் மூவரும் நான்கு செய்தித் தளங்களில் மக்கள் எழுதிய கருத்துகளையும் அவற்றுக்கு விழுந்த ஓட்டுகளையும் அலசினார்கள். அடி வாங்கியவர் திருந்துவார், அல்லது ஒதுங்கிப் போவார் என்றுதானே நினைப்போம்? இரண்டும் நடக்கவில்லை. மைனஸ் வாங்கியவர்கள் முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், தரம் குறைவாக எழுதினார்கள், மற்றவர்களுக்கு மைனஸ் போடுவதையும் கூட்டிக்கொண்டார்கள். பிளஸ் ஓட்டு வாங்கியவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தளத்தை விட்டுப் போய்விடும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்றால், பிளஸ், மைனஸ் எதுவுமே கிடைக்காதவர்களுக்கு.

ஆக மைனஸ் ஓட்டு யாரையும் திருத்துவதில்லை. காரணம் கேட்போர் கட்சி இதைத் தன் பக்கத்து ஆதாரமாக வைக்கும், வைக்கட்டும். ஓட்டு போடப்படுவது எழுதினவரைத் திருத்துவதற்காகவா என்பதுதான் என் கேள்வி. அடுத்து வாசிக்க வருகிற ஆயிரம் பேருக்கு, "இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்று சொல்லும் அடையாளம் அது. ஓட்டு போடுகிறவர் பேசுவது பின்னால் வருகிறவர்களிடம். எழுதினவரோ அது தனக்கு வந்த கடிதம் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே தாள் இல்லையே என்று தேடுகிறார்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதில் பெரிய மர்மம் இல்லை. நிரலர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் இந்தக் கோரிக்கை 2008-இல் அது தொடங்கிய காலந்தொட்டு மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. முதல் காரணம் சுலபமானது: கட்டாயம் என்றால் பெட்டியை நிரப்பத்தான் செய்வார்கள், ஒரு புள்ளி, ஒரு "ஓகே", விசைப்பலகையில் கை போன போக்கில் நாலு எழுத்து. இரண்டாவது காரணம் பழிவாங்கல். காரணம் எழுதினவர் யாரென்று தெரிந்துவிட்டால் அவருடைய பழைய பதில்களைத் தேடிப் போய் வரிசையாக மைனஸ் குத்துவார்கள். இப்படித் தொடர்ச்சியாகக் குத்துவதைக் கண்டுபிடித்து ரத்து செய்ய அந்தத் தளமே தனியாக ஒரு நிரல் வைத்திருக்கிறது என்றால், நோய் எவ்வளவு சகஜம் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவதாக, பெயர் போடாமல் காரணம் மட்டும் எழுதலாமே என்று கேட்பார்கள். நியூயார்க்கில் அது நடக்கலாம். சேலத்து அளவு ஊரில் நடக்காது. இரண்டு வாக்கியம் எழுதினால் போதும், செவ்வாய்ப்பேட்டை ஆளா, அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையனா, எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று ஊர்க் குழுவில் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். எழுத்துக்கும் முகம் உண்டு. பொத்தானுக்கு இல்லை.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்காக அச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர்ப் பக்கமெல்லாம் வயலில் அளவைக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காகக் கைதுகள் நடந்தன. நிலத்தின் நடுவே கல் விழுந்த குடும்பத்தில் ஒரு பெண், திட்டத்தைப் புகழும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு டிஸ்லைக் அழுத்துகிறாள் என்று வையுங்கள். அழுத்த முடியும். "ஏன் பிடிக்கவில்லை? காரணத்தை இங்கே எழுதவும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? பெட்டியை மூடிவிட்டுப் போவாள். எல்லாருக்கும் சமமாகப் போட்ட விதிதான், ஆனால் வாயடைக்கப்படுவது பயப்படக் காரணம் உள்ளவர்கள் மட்டும்.

இதே சிக்கல்தான் நோட்டா வழக்கிலும் இருந்தது. அதற்கு முன்பும் யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது: தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ. வாக்குச்சாவடிக்குப் போய், 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, "நான் ஓட்டுப் போடவில்லை" என்று அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் குறிப்பு எழுதுவார், அதன் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அத்தனை கட்சி ஏஜென்ட்டும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். காரணம்கூடக் கேட்கவில்லை, மறுப்பை வெளிச்சத்தில் வைத்துச் செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்கே மிகச் சிலர்தான் துணிந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அந்த வழக்கில், சேலத்துக்குப் பக்கத்துப் பவானி வட்டாரத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுக்கு உள்ள ரகசியம் யாரையும் தேர்ந்தெடுக்காத ஓட்டுக்கும் வேண்டும் என்றது.

நோட்டாவுக்கும் மைனஸ் ஓட்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை மறைப்பது சரியில்லை. நோட்டா அதிகம் விழுந்தாலும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே ஜெயித்தவர், யார் பதவியையும் அது தடுக்காது. இணைய மைனஸ் அப்படியில்லை. அது பதிவைக் கீழே தள்ளும், மங்கலாக்கும், சில இடங்களில் மறைத்தேவிடும். விளைவு இருக்கிற இடத்தில் பொறுப்பும் வேண்டாமா? வேண்டும்தான். அந்தப் பொறுப்பைக் கொண்டுபோய் யார் தலையில் வைப்பது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். அதற்கு வருமுன், பொறுப்பைக் காரணம் தவிர வேறு வழியில் கேட்டுப் பார்த்தவர்களைப் பற்றிக் கொஞ்சம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ விலை வைத்தது. 125 நற்பெயர்ப் புள்ளி சேர்த்தால்தான் மைனஸ் போடும் உரிமையே வரும். ஒரு பதிலுக்கு மைனஸ் போட்டால் வாங்கியவருக்கு இரண்டு புள்ளி போகும், போட்டவர் கையிலிருந்தும் ஒரு புள்ளி போகும். எதுவும் எழுத வேண்டாம், ஆனால் சும்மா குத்த முடியாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. 1990-களின் கடைசியில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வேறு வழியில் போனது: ஓட்டோடு ஒரு சீட்டும் ஒட்ட வேண்டும். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, சண்டை மூட்டுகிறது, சொன்னதையே சொல்கிறது என்று தயாராக வைத்த சில சீட்டுகள். எழுத வேண்டியதில்லை, பொறுக்கினால் போதும். அந்த ஓட்டு நியாயமா என்று பார்க்க இன்னொரு குழு. நல்ல யோசனைதான். ஆனால் சீட்டுகளில் ஒன்று "அளவுக்கு மீறிய மதிப்பெண் பெற்றது" என்பது. எந்தக் காரணமும் கையில் இல்லாதவர் போய் ஒதுங்க ஒரு திண்ணை எப்போதும் இருந்துகொண்டேயிருந்தது.

யூடியூப் எண்ணையே மறைத்துவிட்டது. 2021 நவம்பர் முதல் டிஸ்லைக் எத்தனை என்று வீடியோ போட்டவருக்கு மட்டும் தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது. சின்னச் சேனல்களைக் கும்பலாகத் தாக்குகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீமே இதை எதிர்த்தார். பின்னால் வருகிறவர்களுக்கான அடையாளத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி, அடி வாங்கியவர் கையில் மட்டும் கொடுத்தது தலைகீழ் வைத்தியம் என்பேன். மோட்டார் ரிப்பேருக்கு வீடியோ தேடுகிற எலெக்ட்ரீஷியனுக்கு அந்த எண் எவ்வளவு உதவியது என்று கேட்டுப் பாருங்கள்.

பிளஸ் ஓட்டுக்கு மட்டும் காரணம் வேண்டாமா என்றும் கேட்க வேண்டும். ஐந்து நட்சத்திரத்தைச் சொந்தக்காரர், நண்பர், கல்லூரிக் கூட்டாளி என்று பத்துப் பேர் போட்டால் யாரும் "ஏன்?" என்று கேட்பதில்லை. குறை சொல்லக் கூலி கொடுக்க வேண்டும், புகழ இலவசம் என்று வைத்தால் ஊரில் எல்லாக் கடையும் 4.8 ஆகிவிடும். லெவ் முச்னிக் என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் 2013-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒரு செய்தித் தளத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்குத் தாங்களே முதல் பிளஸ்ஸை, சிலவற்றுக்கு முதல் மைனஸை வேண்டுமென்றே போட்டு வைத்தார்கள். பொய் மைனஸை அடுத்து வந்தவர்கள் பிளஸ் போட்டுச் சரிக்கட்டிவிட்டார்கள். பொய் பிளஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது, கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறிப்போனது. கூட்டத்தை ஏமாற்றுவதில் மைனஸைவிடப் பிளஸ்தான் கில்லாடி.

எழுத்து வராதவர்கள் பற்றி ஒரு சொல். தமிழை நன்றாக வாசிக்கிற, ஆனால் போனில் தமிழ் தட்டத் தெரியாத எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! என் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் எல்லாம். அவருக்குக் கருத்து இல்லை என்று யாராவது சொல்லிவிட முடியுமா? எழுதினால்தான் ஓட்டு என்றால் ஓட்டுரிமை எழுத்தாளர்களுக்குப் போய்ச் சேரும், அவர்களுக்கு ஏற்கெனவே குரல் அதிகம்.

சரி, விளைவுக்கு யார் பொறுப்பு? சேலத்தில் இதற்கு ஒரு பழகிய ஏற்பாடு இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981 முதல் நடக்கிறது. உறுப்பினர்களின் மூட்டைகள் லாட் லாட்டாக அடுக்கப்பட்டு, மாதிரிகள் மேஜையில் வரும். வியாபாரி உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வெளுப்பைப் பார்த்து, விரலால் உருட்டி, தன் விலையை ரகசிய டெண்டரில் போடுவார். ஒரு லாட்டுக்கு ஏன் குறைத்துப் போட்டார், இன்னொன்றை ஏன் தொடவே இல்லை என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஆலைக்காரருக்கு வயிறு எரியும், ஆனால் அவரும் கேட்க மாட்டார், அது வியாபாரியின் பணம், அவர் கண். மேஜையில் இருந்த அந்த மாதிரியே ஆய்வகத்துக்குப் போகும்போது கதை வேறு. இது ஜவ்வரிசியே இல்லை, கலப்படம் என்று ஒருவர் சொன்னால் மூட்டை சந்தைக்கே போகாது. அங்கே "எனக்குப் பிடிக்கவில்லை" செல்லாது. ஈரமா, சாம்பலா, வேறு மாவா, எது எவ்வளவு மிஞ்சியது என்று அறிக்கையில் இருந்தாக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-உம் கோட்டை இதே இடத்தில்தான் போட்டிருக்கிறது. பிரிவு 6(2): தகவல் கேட்கிறவரிடம் எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. பிரிவு 7(8): தகவலை மறுக்கிற அலுவலர் காரணத்தையும், யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதித் தர வேண்டும். ஒரே மனு, ஒரே மேஜை. மனுதாரருக்கு மௌனம் உரிமை, அலுவலருக்கு அது கிடையாது. கதவைச் சாத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் காரணம் கேட்கப்படுகிறது.

இதை இணையத்துக்குப் பொருத்தினால், பத்துப் பேர் மைனஸ் போடுவது பத்துப் பேரின் அபிப்பிராயம். அந்தப் பத்தை வைத்து ஒரு பதிவை மறைப்பதா, ஒருவரை வெளியேற்றுவதா, ஹோம்ஸ்டேயைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுவதா என்று தீர்மானிப்பது தளம், அல்லது அதன் அட்மின். மறைத்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் அங்கிருந்து வர வேண்டும். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது: 50 லட்சத்துக்கு மேல் பதிவு செய்த பயனர்கள் உள்ள சமூக ஊடகம், விதிமீறல் என்று தானாகவே ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே என்ன காரணம் என்று பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுத்து வாதிட வாய்ப்பும் தர வேண்டும். நீக்காமல், யார் கண்ணிலும் படாதபடி கீழே தள்ளுவதைப் பற்றி அந்த வாசகம் பேசவில்லை. ஏற்காட்டுக்காரருக்கு நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை.

அவருக்கு உடனடியாக உதவக்கூடியது வேறு ஒன்று: மதிப்பெண் போட்டவர் உண்மையில் அங்கே தங்கினாரா என்று தளம் பார்த்துச் சொல்வது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரநிலை, மதிப்புரை எழுதுகிறவர் நிஜமான ஆள்தானா என்று தளம் சரிபார்க்க வேண்டும் என்கிறது. கட்டாயமில்லை, விருப்பப்பட்ட தளங்கள் ஏற்றுக்கொள்ளலாம். தளத்துக்கு ஆளைத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அறை எடுத்துத் தங்கியவர் போட்ட ஒற்றை நட்சத்திரம் என்று தெரிந்தாலே ஹோம்ஸ்டேக்காரரின் சந்தேகங்களில் பாதி தீரும், போட்டிக்காரரை விட்டுவிட்டு கீசரைப் பார்க்கப் போவார்.

50 லட்சம் பேர் இல்லாத ஊர்க் குழுக்களுக்கு மேலே சொன்ன விதி பொருந்தாது. அங்கே அட்மின் வைத்ததுதான் சட்டம். காலையில் போட்ட பதிவு மதியம் காணோம், போட்டவரையும் காணோம், ஏன் என்று கேட்டால் கேட்டவரையும் காணோம். அந்தக் குழுக்களில் போய் டிஸ்லைக் போட்ட நாற்பது பேரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீக்கியவர் ஒரே ஒருவர்தான், அவர் எழுத வேண்டியதும் ஒரே ஒரு வரிதான்.